புளி இருக்கப் பயமேன்!

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஓர் இளம் தம்பதியர் என்னைப் பிடித்துக்கொண்டனர். திருச்சிப் பக்கத்துக்காரர்கள். கணவருக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. ஹைதராபாத் வந்து எட்டு மாதம் ஆகிறதாம்.

"சார், இந்த ஊர்ல நல்லதா எங்க சாப்பிடலாம்?" என்று கேட்டார். நானும் வழக்கம்போல் இரண்டு மூன்று கடைகளின் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. சற்றுக் குரலைத் தாழ்த்தி, "அம்மா ஊர்லேர்ந்து வந்து மூணு மாசமாச்சு சார். தயிர் சாதத்தைத் தவிர எதுவும் இறங்க மாட்டேங்குது. பையன் பிரெட்டும் நூடுல்ஸும்தான். ஒரே வீட்டில மூணு சமையல்" என்றார்.

கேள்வி கடையைப் பற்றியதல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊர் விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில் பல சங்கடங்கள் சாப்பாட்டுத் தட்டில்தான் முதலில் தெரிகின்றன. இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடாத பெரியவர்கள் இளைத்துப் போகிறார்கள். இளைத்தவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிறார்கள். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இந்தக் கதை நம்மில் எத்தனையோ வீடுகளுக்குத் தெரிந்ததே.

1988 முதல் இந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் என்ற ஒரே தகுதியில், அந்தத் தம்பியிடம் நின்ற இடத்தில் சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பழைய உறவுக்காரர்

ஹைதராபாத் சாப்பாடு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பிரியாணி. அடுத்து ஆந்திரக் காரம். இரண்டும் நமக்கு அந்நியம் என்ற எண்ணத்தோடுதான் பலரும் இங்கே வந்து இறங்குகிறோம். ஆனால் இவ்வூர்ச் சமையலறைகள் அனைத்திலும் நமக்கு வேண்டிய உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் புளி.

வடக்கே போகப்போகச் சமையலில் புளிப்புக்குத் தக்காளியும் தயிரும் மாங்காய்ப் பொடியும் வந்துவிடுகின்றன. தெற்கே புளிதான் ராஜா. ஹைதராபாத் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. 1591-இல் குதுப் ஷாஹி மன்னர்கள் எழுப்பிய நகரம். 1687-இல் மொகலாயர் கைக்குப் போயிற்று. 1724 முதல் ஆசஃப் ஜாஹி வம்சத்து நிஜாம்கள் ஆண்டார்கள். பாரசீகம், துருக்கி, அரபு நாடு, வட இந்தியா என்று எங்கிருந்தெல்லாமோ சமையற்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களின் கறிக்குழம்பில் தெலங்கானா மண்ணின் புளி தானாகச் சென்று விழுந்தது.

அதனால்தான் இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் 'கட்டீ தால்' என்று புளி கரைத்த பருப்புக் குழம்பு உண்டு. பிரியாணியோடு வரும் 'மிர்ச்சி கா சாலன்', கத்தரிக்காயில் செய்யும் 'பகாரா பைங்கன்' இரண்டிலும் வேர்க்கடலை, எள், தேங்காய் அரைத்த விழுதோடு புளிக்கரைசல் கொதிக்கிறது. நம் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்ட நாக்குக்கு பகாரா பைங்கன் அந்நியமாகுமா, சொல்லுங்கள்.

இந்த ஊருக்கும் புளிக்கும் இன்னொரு பந்தமும் உண்டு. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதியில் பெருவெள்ளம் வந்து பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அன்று ஒரு புளிய மரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. ஆண்டுதோறும் வெள்ள நினைவு நாளில் அங்கே மக்கள் கூடி அஞ்சலி செலுத்துவது வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை: புளி நம் நாட்டுச் சரக்கே அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ வந்து இங்கே வேரூன்றியது. அரேபியர்கள் அதற்கு 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர் வைத்தார்கள். வந்தேறி ஒருவர் ஊர்ப் பெரியவராகிவிட்டார்! நம்மைப் போன்றவர்களுக்கு இது ஆறுதலான செய்திதானே?

அம்மாவும் புளிச்ச கீரையும்

என் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பா காலமான மறு வருடம், 2002-இல், அம்மாவை இங்கே மல்காஜ்கிரிக்கு அழைத்து வந்தோம். அவர் அதற்கு முன் கோவைக்கு அப்பால் எங்கும் தங்கியதில்லை. பாஷை தெரியாது. பேச ஆள் கிடையாது. வந்த நாலைந்து மாதங்களில் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. என் மனைவி ஊர்ப்பக்கம் போலவே பார்த்துப் பார்த்துச் சமைத்தும், "வேண்டாம் அம்மிணி, பசியில்ல" என்பதுதான் பதில். டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் ஒன்றும் கோளாறு இல்லை என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். எடை மட்டும் ஆறு கிலோ குறைந்துவிட்டது. ஊருக்கே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று நானும் மனைவியும் இரவில் பேசிக்கொள்ளத் தொடங்கினோம்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அம்மாள், வாரங்கல் பக்கத்துக்காரர், ஒரு கிண்ணத்தில் 'கோங்கூரா பப்பு' கொண்டுவந்து, "அம்மகாருக்கு இவ்வண்டி" என்று கொடுத்துவிட்டுப் போனார். கீரையும் துவரம்பருப்பும் சேர்த்துக் கடைந்து பூண்டும் மிளகாயும் தாளித்தது. மனைவி தயங்கித் தயங்கி ஒரு கரண்டி பரிமாறினாள். அம்மா ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது நம்மூட்டுப் புளிச்ச கீரையில்ல?"

ஆம், கோங்கூரா என்பது புளிச்ச கீரையேதான்! பதினான்கு வருடமாக இந்த ஊரில் கோங்கூராவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. கொங்கு நாட்டு வீடுகளில் மண்சட்டியில் கடையும் அதே கீரை. அன்றைக்கு அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலை பக்கத்து வீட்டு வாசலில் நின்று, கையால் கடைவதுபோல் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளும் ஜாடையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று தொடங்கிய சிநேகம் அது.

ருசி என்பது முதலில் ஞாபகம், பிறகுதான் நாக்கு என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் புது ஊர்ச் சாப்பாட்டை வெறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், அதில் தெரிந்த முகம் எதுவும் தென்படாததுதான். வயதாக ஆக மூக்கும் நாக்கும் மந்தப்படுகின்றன என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். மெல்லிய மணங்கள் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. புளிப்பு போன்ற அழுத்தமான சுவை மட்டும் சட்டென்று எட்டும். அந்தக் கீரை அவரைத் தொட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெயர்தான் வேறு

அதன்பின் அம்மாவே ஒரு ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டார். நாங்கள் கண்டுபிடித்த உறவுமுறைகளைச் சொல்கிறேன். புதிதாக வந்தவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பச்சிப்புலுசு: புளியைக் கரைத்துக் கொதிக்க வைக்காமல், பச்சை வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி சேர்த்துத் தாளிப்பது. கொங்கு நாட்டுப் பச்சைப்புளி ரசம் இதன் உடன்பிறப்பு. வெயில் காலத்துக்கு அமிர்தம்.

உலவச்சாறு: கொள்ளை நெடுநேரம் வேகவைத்து, அந்த நீரை வற்றக் காய்ச்சிப் புளி சேர்த்துச் செய்வது. கடலோர ஆந்திரத்துப் பண்டம். மாட்டுக்கு வேகவைத்த கொள்ளின் தண்ணீரிலிருந்து பிறந்தது என்பார்கள். நம் கொள்ளு ரசம்தான். ஆனால் கெட்டியாக, கறுப்பாக இருக்கும். மேலே வெண்ணெயோ பாலாடையோ போட்டுச் சோற்றில் பிசைவார்கள்.

சிந்தச்சிகுரு: புளியங்கொழுந்து. கோடை தொடங்கும் சமயத்தில் மட்டும் சந்தைக்கு வரும். பருப்பிலும் போடுவார்கள், ஆட்டுக்கறியிலும் போடுவார்கள். கிடைக்கும்போது விட்டுவிடாதீர்கள்.

பெசரட்டு: பச்சைப்பயறு அரைத்த தோசை. உள்ளே உப்புமாவை வைத்து மடித்தால் அதற்கு 'எம்.எல்.ஏ. பெசரட்டு' என்று பெயர். இங்குள்ள சட்டமன்ற உறுப்பினர் குடியிருப்பில் பிறந்த பெயர் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். தொட்டுக்கொள்ள இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் கலந்த இஞ்சிப் பச்சடி.

சர்வபிண்டி: அரிசி மாவில் கடலைப்பருப்பு, வேர்க்கடலை, எள் சேர்த்து வாணலியிலேயே தட்டி, நடுநடுவே துளையிட்டு எண்ணெய் விட்டு வேகவைப்பது. நம் தட்டையும் அடையும் கல்யாணம் செய்துகொண்டால் இப்படித்தான் குழந்தை பிறக்கும். சங்கராந்திக்குச் செய்யும் சகினாலு, எள்ளும் ஓமமும் சேர்ந்த கைமுறுக்குதான்.

ஜொன்ன ரொட்டெ: சோள ரொட்டி. சோளச்சோறு தின்று வளர்ந்த தலைமுறைக்கு அறிமுகமே வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் மாலையில் தெருவோரத்தில் சுடச்சுடத் தட்டித் தரும் பெண்களிடம் வாங்கிக்கொள்வதைப் பார்க்கலாம்.

பழைய ஹைதராபாதிகளின் காலை உணவு கிச்சடி, கீமா, கட்டா. மசூர் பருப்பும் அரிசியும் சேர்ந்த கிச்சடி, பக்கத்தில் கொத்துக்கறி, அதன்மேல் ஊற்ற எள், வேர்க்கடலை, புளி கரைத்த 'கட்டா'. எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்தைத் தெரிந்தவர்கள் கிச்சடியை உடனே ஏற்றுக்கொள்வார்கள். சைவ அன்பர்கள் கீமாவை விட்டுவிட்டுக் கட்டாவோடு சாப்பிடலாம்.

காரத்துக்கு ஒரு கணக்கு

வந்த புதிதில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். பருப்புப்பொடி என்று நினைத்து ஒரு பெரிய கரண்டி செக்கச்சிவந்த பொடியைச் சோற்றில் கொட்டிப் பிசைந்துவிட்டேன். இரண்டாம் கவளத்தில் கண்ணில் நீர், காதில் புகை. நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தேன். எரிச்சல் வாய் முழுக்கப் பரவியதுதான் மிச்சம். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தன் தயிர்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். இரண்டு ஸ்பூனில் அடங்கியது.

அதன் காரணம் இதுதான். மிளகாயின் காரம் ஒரு சுவையே அல்ல, அது ஒரு சூடு. மிளகாயிலுள்ள கேப்சைசின் என்ற பொருள், வாயில் சுடுபொருளை உணரும் நரம்பின் வாசலைத் தட்டுகிறது. மூளை வாய் வெந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. இந்த வாசலை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகவே தண்ணீர் அதை வாயெங்கும் பரப்பும். பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதைப் பற்றி இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஆந்திரச் சாப்பாட்டில் பருப்பும் நெய்யும் முதலிலும், கெட்டித் தயிர் கடைசியிலும் வருவதற்குள்ள நியாயம் இதுதான். ஊறுகாயைத் தனியாகத் தொட்டு நக்கக்கூடாது. சுடுசோறு, நெய், முத்தப்பப்பு எனும் வெறும் பருப்பு, அதோடு ஒரு சிட்டிகை ஆவக்காய் என்று கலந்து சாப்பிட வேண்டும். குழந்தைகளுக்குப் பருப்புசோற்றின் ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய் ஒரு துளி போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயின் உப்பைக் கணக்கில் வையுங்கள். இதில் பழக்கம் கை கொடுக்காது.

பிரியாணியும் ஹலீமும்

நம் திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிகளில் பொடி அரிசி. இங்கே நீளமான பாசுமதி. பெரிய வித்தியாசம் அரிசியில் இல்லை, செய்முறையில் இருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் கறியை மசாலாவில் வேகவைத்தபின் அரிசி சேர்ப்போம். ஹைதராபாத்தின் 'கச்சி' முறையில், தயிரும் பப்பாளிக்காயும் வறுத்த வெங்காயமும் போட்டு ஊறவைத்த பச்சைக்கறி அடியில் போகும். அரைவேக்காட்டு அரிசி மேலே. பாத்திரத்தின் வாயை மாவால் அடைத்து மெல்லிய தீயில் 'தம்' போடுவார்கள். கறியும் சோறும் ஒரே சமயத்தில் பதமாக வேண்டும். கொஞ்சம் பிசகினால் ஒன்று வேகாது, இல்லாவிட்டால் மற்றது குழைந்துவிடும். ஆம்பூர்க்காரர்கள் கத்தரிக்காய் தொட்டுக்கொள்வதுபோல் இங்கே மிர்ச்சி கா சாலன். மேலே வெள்ளையாய் இருக்கும் சோற்றை மட்டும் தின்றுவிட்டு "மசாலாவே இல்லை" என்று சொல்லாதீர்கள். அடிவரை கரண்டி விட்டுக் கிளறாமல் பக்கவாட்டில் வெட்டி எடுக்க வேண்டும்.

ஹலீம் பழகிக்கொள்ள வேண்டிய ருசி என்பதில் சந்தேகமில்லை. கோதுமை, ஆட்டுக்கறி, பருப்பு, நெய் எல்லாம் பல மணி நேரம் வெந்து, பெரிய மரக்கட்டையால் இடிபட்டுப் பசைபோல் ஆகியிருக்கும். நிஜாம் படையில் இருந்த அரேபியர்களின் 'ஹரீஸ்' என்ற கஞ்சியிலிருந்து வந்தது. அவர்களின் சந்ததியார் வாழும் பகுதிக்கு, படைவீரர் குடியிருப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் திரிந்து 'பார்க்கஸ்' என்று பெயர். 2010-இல் ஹைதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் அசைவப் பண்டம் இதுதான். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ரமலானுக்குத் தரும் நோன்புக் கஞ்சியை நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். எலுமிச்சை பிழிந்து, வறுத்த வெங்காயத்தோடு, முதல் தடவை நாலே ஸ்பூன். மூன்றாம் வருடம் ரமலான் எப்போது வரும் என்று நீங்களே காலண்டர் பார்ப்பீர்கள்.

இரானி டீ

காப்பிக் குலத்தில் பிறந்த நமக்கு இது ஒரு மதமாற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானிலிருந்து மும்பை, புனே வழியாக வந்தவர்கள் தொடங்கிய கடைகள் இவை. நம் டீக்கடையில் பாலும் டிகாக்ஷனும் ஆற்றிக் கலக்கும் முறை இங்கே இல்லை. டீத்தூளும் சர்க்கரையும் தண்ணீரும் மூடிய செப்புப் பாத்திரத்தில், பிரியாணி போலவே தம்மில் வெந்துகொண்டிருக்கும். பால் தனியே சுண்டக் காய்ந்துகொண்டிருக்கும். கோப்பையில்தான் இருவரும் சந்திப்பார்கள். கெட்டியாகவும் தித்திப்பாகவும் இருக்கும். முதல் நாள் "இது டீயா, பாயசமா?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

கூடவே உஸ்மானியா பிஸ்கட். கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பெயரைக் கொண்டது. இதில் தித்திப்போடு உப்பும் உண்டு. அந்த உப்புதான் சூட்சுமம். அது டீயின் தித்திப்பைத் திகட்டாமல் நிறுத்துகிறது. அவசரப்படாமல் உட்காருங்கள். இரானிக் கடையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

எங்கே சாப்பிடலாம்?

ஒருவழியாகத் தம்பியின் கேள்விக்கு வந்துவிட்டேன். எல்லாம் சாதாரணமாகப் போய் உட்காரக்கூடிய இடங்கள்தான்.

சார்மினார் பக்கம்: மினார்களைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்க நிம்ரா கஃபே. அதிகாலையில் போவது நல்லது. அருகிலேயே வெண்ணெய் தோசைக்கு கோவிந்த் வண்டி. மதீனா பக்கம் ஷாதாப். பிரியாணிக்கும் காலை நேரத்துப் பாயாவுக்கும்.

அபிட்ஸ், நாம்பள்ளி, கோட்டி: அபிட்ஸ் தாஜ்மஹால் ஹோட்டல் சைவக்காரர்களுக்குப் பழைய புகலிடம். இட்லி, தோசை, காப்பி மூன்றும் நம் நாக்குக்கு நெருக்கம். நாம்பள்ளியில் உஸ்மானியா பிஸ்கட்டுக்கு சுபான் பேக்கரி. மொஜம்ஜாஹி மார்க்கெட்டில் பழ ஐஸ்கிரீம். பக்கத்தில், பிரிவினையில் வந்த சிந்திக் குடும்பம் 1953-இல் தொடங்கிய கராச்சி பேக்கரி. பழ பிஸ்கட் ஊருக்கு எடுத்துப்போக ஏற்றது. கோட்டியில் கோகுல் சாட். 2007 ஆகஸ்ட் 25 அன்று குண்டு வெடித்துப் பல உயிர்களைப் பலிகொண்ட இடம் அது. கடை மறுபடி திறந்தது, மக்களும் மறுபடி வந்தார்கள். தட்டைக் கையில் ஏந்தி நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வரும்.

லக்டிகாபூல், பஷீர்பாக்: டீக்கும் பன்னுக்கும் நிலோஃபர் கஃபே. பிரியாணிக்குக் கஃபே பஹார்.

செகந்திராபாத்: ரயில் நிலையத்துக்கு எதிரே ஆல்ஃபா ஹோட்டல், நம்மூர் ரயிலில் வந்து இறங்கும் எத்தனையோ பேரின் முதல் ஹைதராபாத் டீ. 1953-இல் திரையரங்கை ஒட்டிய சிறு கடையாகத் தொடங்கிய பாரடைஸ், இன்று அந்தச் சந்திப்புக்கே பெயர் கொடுத்துவிட்டது.

இனிப்புக்கு வறண்ட ஆப்ரிகாட் பழத்தில் செய்யும் குபானி கா மீட்டா, நெய்யில் பொரித்த ரொட்டியைப் பாலிலும் பாகிலும் ஊறவைத்த டபுள் கா மீட்டா. பிரியாணிக் கடைகளிலேயே கிடைக்கும்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், உங்கள் பேட்டையில் ஒரு 'கர்ரி பாயிண்ட்' கட்டாயம் இருக்கும். சோறு மட்டும் வீட்டில் வடித்துக்கொண்டு பப்பு, வேப்புடு எனும் பொரியல், சாம்பார், பச்சடி என்று பொட்டலமாக வாங்கிவரும் கடை. வேலைக்குப் போகும் தம்பதியருக்கும், தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கும் பெரும் உதவி. புது ருசியைச் சிறிய அளவில், குறைந்த செலவில் பழகிப்பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. பெயர் பெரியதா என்று பார்க்காதீர்கள், சூடாக இருக்கிறதா, கூட்டம் நகர்கிறதா என்று பாருங்கள். 2024-இல் தெலங்கானா உணவுப் பாதுகாப்புத் துறை ஹைதராபாத்தில் வரிசையாகச் சோதனைகள் நடத்தியபோது பெயர் பெற்ற சமையலறைகளும் தப்பவில்லை. அந்த அக்டோபரில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டு தடையும் விதித்தார்கள். வெந்ததைச் சாப்பிடுவோர்க்கு வம்பு குறைவு.

நாக்கைப் பழக்குவது எப்படி?

குழந்தை புதுப் பண்டத்தைத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். குழந்தை உணவு பற்றிய ஆய்வுகள் வேறு சொல்கின்றன. ஒரு புதுச் சுவை பிடித்துப்போக எட்டு, பத்து தடவை, சில சமயம் அதற்கு மேலும் சிறு அளவில் ருசி பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டாயப்படுத்தினால் காரியம் கெடும். நாம் ரசித்துச் சாப்பிடுவதைக் குழந்தை பார்க்க வேண்டும். கருவிலேயே இது தொடங்குகிறதாம். கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள் கேரட் கலந்த கூழை அதிகம் விரும்பினார்கள் என்று பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2001-இல் எழுதினார்கள்.

பெரியவர்களுக்கு என் யோசனை மூன்று. முதலாவது, தட்டில் பாதி பழையது இருக்கட்டும். புதியது ஓரத்தில் ஒரு கரண்டி. இரண்டாவது, பெயரைச் சொல்லாமல் உறவைச் சொல்லிப் பரிமாறுங்கள். 'கோங்கூரா' என்றால் வேண்டாம் என்பவர், 'புளிச்ச கீரை' என்றால் கை நீட்டுவார். மூன்றாவதுதான் முக்கியம்: பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். அதை வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நம் வத்தக்குழம்போ பணியாரமோ அதில் போகட்டும். உங்கள் அம்மாவுக்குப் பசி வருவதற்கு முன் ஒரு சிநேகிதி தேவையாக இருக்கலாம்.

என் அம்மா 2014-இல் காலமானார். அதற்கு இரண்டு வருடம் முன் ஒரு கல்யாணத்துக்காக அவரைக் கோபிக்கு அழைத்துச் சென்றேன். பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்துத் தன் தங்கையிடம் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மாளும் அவருமாகச் சேர்ந்து போட்ட கோங்கூரா ஊறுகாய்.

"சுடுசோத்துல நெய் ஊத்திப் பிசைஞ்சு சாப்பிடு கண்ணு. எங்கூரு ஊறுகா, கொஞ்சம் காரமாத்தான் இருக்கும்" என்றார்.

'எங்கூரு' என்று அவர் சொன்னது ஹைதராபாத்தை.